தையல் சொல்லைக் கேட்டவர்களின் பிள்ளைகள் நாம்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் வட்டாரத் தமிழ்க் கோயில் நிர்வாகக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தலைவர்களே, செயலாளர்களே, குழு உறுப்பினர்களே,

வணக்கம்.

சாட்ஸ்வர்த்தில் ஒரு கோயில் மண்டபத்தின் பின்னறையில் 22 ஆண்டுகளாகச் சனிக்கிழமைதோறும் தமிழ் சொல்லிக் கொடுத்து வருகிறேன். உங்கள் பிள்ளைகளில் சிலர் என்னிடம்தான் 'அ' எழுதப் பழகினார்கள். இன்று நம் பையன்களின் மனதைக் கெடுக்கும் பேச்செல்லாம் ஆங்கிலத்தில் கைப்பேசி வழியாக வருகிறது. அதற்கான பதிலையாவது நம் மொழியில் தொடங்கலாம் என்று இதைத் தமிழில் எழுதுகிறேன். குழுவில் தமிழ் வாசிக்க வராதவர்களுக்கு, வாசிக்கத் தெரிந்தவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து எடுத்துச் சொல்லுங்கள்.

சில மாதங்களுக்கு முன் வகுப்பில் ஆத்திசூடி நடந்துகொண்டிருந்தது. தகர வரிசைக்கு வந்தோம். இத்தனை வருடமும் நான் ஒரு தந்திரம் வைத்திருந்தேன். 'தேசத்தோடு ஒட்டி வாழ்' முடிந்ததும் நேரே 'தொன்மை மறவேல்' என்ற வரிக்குப் போய்விடுவேன். நடுவில் இருக்கும் 'தையல் சொல் கேளேல்' என்ற வரியைப் படிக்க மாட்டேன். அன்று ஒரு பையன் புத்தகத்தைப் பார்த்துத் தானே எழுத்துக்கூட்டி அந்த வரியைப் படித்துவிட்டான். அர்த்தம் கேட்டான். சொன்னேன். பெண் பேச்சைக் கேட்காதே.

அவன் மேசையில் ஓங்கித் தட்டினான். "பார்த்தீர்களா! ஔவையாரே சொல்லியிருக்கிறார். பெண் பேச்சைக் கேட்கிறவன் சிம்ப்!" பெண்ணிடம் வழிகிறவன் என்று கேலி செய்ய இணையத்தில் சொல்கிற சொல் அது. மற்ற பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வகுப்பில் இருந்த நான்கு பெண் பிள்ளைகளும் குனிந்து நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் பையன் என் பேரன். வயது 15.

அவனைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவனைப் போன்ற பையன்கள் உங்கள் வீட்டிலும் இருக்கிறார்கள். அவன் அப்பா, என் மகன், ஜோகன்னஸ்பர்க்கில் வேலை பார்க்கிறான். மாதத்துக்கு ஒருமுறை இரவுப் பேருந்து பிடித்து வருவான். மருமகளுக்கு மருத்துவமனையில் இரவுப் பணி. பையன் என் வீட்டில் வளர்கிறான். 14 வயதில் ஒல்லிக்குச்சியாக இருந்தான், முகம் முழுக்கப் பரு. பள்ளியில் கேலி செய்தார்கள். ஒரு பெண்ணிடம் பேசப் போய்த் தடுமாறி, அதையும் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அவன் கைப்பேசியில் என்ன தேடினான் தெரியுமா? கைத்தசை வளர்ப்பது எப்படி. பெண்ணிடம் முதலில் என்ன பேசுவது. இவ்வளவுதான். பெண்களை வெறுப்பது எப்படி என்று அவன் தேடவே இல்லை.

அன்று வகுப்பு முடிந்து வீட்டுக்கு வந்ததும், "போனைப் பிடுங்க மாட்டேன், நீ பார்ப்பதை எனக்கும் காட்டு" என்றேன். முதலில் முறைத்தான். அப்புறம் ஒத்துக்கொண்டான். ஒரு வாரம், தினமும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, அவன் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் காணொளிகளைப் பார்த்தேன்.

முதலில் தண்டால், முட்டை, விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்திருப்பது, குடிக்காதே, பணத்தைச் சேர்த்து வை. நல்ல பேச்சு. நம் பெரியப்பா, மாமாமார் சொல்ல வேண்டிய பேச்சு. தூண்டிலில் கோத்திருக்கும் புழு நல்ல புழுதான், இல்லாவிட்டால் மீன் கடிக்காது. மூன்றாவது நான்காவது காணொளியில் குரல் மாறுகிறது. அழுகிறவன் ஆண் இல்லை. ஆண்களில் அடக்கி ஆளுகிற ஆல்ஃபா என்று ஒரு சாதி, அடங்கிப் போகிற பீட்டா என்று ஒரு சாதி, தனித்து நிற்கிற சிக்மா என்று இன்னொன்று. எல்லாப் பெண்களும் மேலே இருக்கிற கொஞ்சம் ஆண்களுக்குப் பின்னால்தான் போவார்கள், மீதிப் பேருக்கு ஒன்றும் மிஞ்சாது. ஒரு பெண்ணுக்கு முன்பு எத்தனை சினேகிதர்கள் இருந்தார்கள் என்று எண்ணி அவள் விலையைப் போடு. உன் அம்மாகூட உன் அப்பாவிடம் பணம் இருக்கும் வரைதான். இதைத் தெரிந்துகொண்டவன் ரெட் பில் விழுங்கியவன், கண் திறந்தவன், தெரியாதவன் தூங்குகிறவன். அந்த அம்மாவைப் பற்றிய வரி வந்தபோது நான் பேரனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை.

இது என் வீட்டுப் பையனின் கெட்ட காலம் என்று நினைத்துவிடாதீர்கள். 2024 இல் அயர்லாந்தின் டப்ளின் நகரப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் புதிய கைப்பேசிகளை வாங்கி, பதின்வயதுப் பையன்கள் என்று சொல்லி டிக்டாக்கிலும் யூடியூப் ஷார்ட்ஸிலும் கணக்குத் திறந்து பார்த்தார்கள். அதைத் தேடிய கணக்குகளுக்கும் வந்தது, தேடாத கணக்குகளுக்கும் வந்தது. பெண்களைத் தாழ்த்தும் பேச்சு வந்து சேர 23 நிமிடங்களுக்கு மேல் ஆகவில்லை. அதே ஆண்டு பிரிட்டனில் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜும் கென்ட் பல்கலைக்கழகமும் சேர்ந்து டிக்டாக்கைச் சோதித்தபோது, முதலில் நூற்றுக்கு 13 ஆக இருந்த அந்த வகைக் காணொளிகள் ஐந்தே நாளில் 56 ஆகிவிட்டன. தனிமையும் கோபமும் உள்ள பையன் ஒரு காணொளியைச் சில நொடிகள் அதிகம் பார்த்தால் போதும். அவன் நின்ற இடத்தை இயந்திரம் குறித்துக்கொண்டு, அதே சரக்கைக் கொண்டுவந்து கொட்டும்.

இதில் வியாபாரமும் இருக்கிறது. இணையத்தில் இப்படிப் பேசியே பெயர் வாங்கிய ஆண்ட்ரூ டேட் என்பவரை உங்கள் வீட்டுப் பையன்களிடம் கேட்டுப் பாருங்கள், தெரியாதவன் அபூர்வம். பணக்காரனாவது எப்படி என்று சொல்லித் தரும் வகுப்புக்கு மாதம் சுமார் 50 டாலர் வாங்கினார்; அப்போதைய கணக்கில் எண்ணூறு ரேண்டுக்கு மேல். அவருடைய பேச்சை வெட்டி வெட்டி எல்லா இடத்திலும் பரப்பி ஆள் சேர்த்தால் சேர்த்தவனுக்குப் பங்கு. 2022 ஆகஸ்டில் பேஸ்புக்கும் இன்ஸ்டாகிராமும் டிக்டாக்கும் யூடியூபும் அவரை நீக்கின. டிசம்பரில் ருமேனியாவில் ஆள்கடத்தல், பாலியல் வன்புணர்வு வழக்கில் கைதானார்; குற்றச்சாட்டுகளை அவர் மறுக்கிறார். ஆனால் அவர் பேச்சு என் பேரனின் கைக்கு நேற்றுகூட வந்தது. 15 முதல் 24 வயது வரை வேலை தேடுகிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் வேலை கிடைக்காத நாடு இது. இங்கே ஒரு பையனிடம் போய், 'நீ ஏழையாக இருப்பதற்கும் தனியாக இருப்பதற்கும் பெண்கள்தான் காரணம், வழி என்னிடம் இருக்கிறது' என்று சொன்னால் அவன் ஏன் கேட்க மாட்டான்?

எந்த நாட்டில் இந்த விதை விழுகிறது என்பதையும் யோசிக்க வேண்டும். தென்னாப்பிரிக்காவின் மனித அறிவியல் ஆய்வு மன்றம் 2024 இல் வெளியிட்ட கணக்குப்படி, 18 வயது தாண்டிய பெண்களில் மூவரில் ஒருவர் வாழ்நாளில் அடி உதை பட்டிருக்கிறார். 2025 நவம்பர் 21 அன்று, இந்த நாட்டில் ஒவ்வொரு நாளும் கொல்லப்படும் 15 பெண்களுக்காக, மதியம் 15 நிமிடம் பெண்கள் கறுப்பு உடுத்தித் தரையில் படுத்தார்களே, முழங்கால் வலியோடு நானும் படுத்தேன். பெண்கள் மீதான வன்முறையை அரசு தேசியப் பேரிடர் என்று வகைப்படுத்தியதும் அந்த நாட்களில்தான். வீட்டுக்கு வந்ததும் பேரன், "ஆயா, இதெல்லாம் நாடகமாமே" என்றான். யார் சொன்னது என்று கேட்டேன். கைப்பேசியைக் காட்டினான்.

இனி நான் சொல்லப் போவதுதான் எழுதக் கடினமான பகுதி. கோயிலின் பெயரைச் சொல்லப் போவதில்லை. பள்ளியின் பெயரையும் சொல்லப் போவதில்லை.

பையன்களின் வாட்ஸ்அப் குழு ஒன்று இருந்தது. 19 பேர். பெரும்பாலும் நம் கோயில்களுக்கு வந்து போகிற குடும்பத்துப் பையன்கள். பெண் பிள்ளைகளின் படத்தைப் போட்டுப் பத்துக்கு இத்தனை என்று மார்க் கொடுப்பார்கள். என் வகுப்பில் ஒரு பெண் உண்டு. குறள் ஒப்புவித்தலில் இந்தப் பையன்கள் எல்லாரையும் தோற்கடித்தவள். காவடி அன்று அவள் புடவையில் நின்ற படத்தை அவள் அம்மாவின் பேஸ்புக்கிலிருந்து எடுத்து, ஏதோ ஒரு செயலியில் போட்டு, அந்த முகத்தை நிர்வாண உடம்பில் ஒட்டிவிட்டார்கள். ஒரே இரவில் அது பள்ளி முழுக்கப் போய்விட்டது.

என் பேரனும் அந்தக் குழுவில் இருந்தான். படத்தை அவன் செய்யவில்லை. கீழே ஒரு சிரிக்கும் பொம்மை முகத்தைப் போட்டிருந்தான். சிறுவயதில் என் மடியில் உட்கார்ந்து அந்தப் பெண்ணை 'அக்கா' என்று கூப்பிடப் பழகியவன் அவன்.

அவள் அம்மா முதலில் கோயில் குழுவிடம்தான் வந்தார். பையன்களில் சிலரின் அப்பாமார் குழுவில் இருந்ததால், பேசித் தீர்க்கலாம் என்று நம்பி வந்தார். அவருக்குக் கிடைத்த பதில்: "ஆம்பளைப் பிள்ளைகள், விளையாட்டுப் புத்தி. பெரிதாக்காதீர்கள். நீங்கள் ஏன் படத்தை பேஸ்புக்கில் போட்டீர்கள்? போலீசுக்குப் போனால் கோயில் பேர் கெட்டுப்போகும்." பள்ளியும் ஏறத்தாழ இதையே சொன்னது. அந்தக் கூட்டம் நடந்த அறையில் நானும் இருந்தேன். நான் எழுந்தது தேநீர் ஊற்றிக் கொடுக்கத்தான். வாயைத் திறக்கவில்லை. அந்த அம்மா கிண்ணத்தை வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்த பார்வை இன்னும் போகவில்லை. இந்த மடலை எழுத வைத்தது அதுதான்.

அந்தக் குழுவுக்கு அன்று சொல்லியிருக்க வேண்டியதை இப்போது சொல்கிறேன். இந்த நாட்டின் 2020 ஆம் ஆண்டு இணையக் குற்றச் சட்டப்படி, ஒருவருடைய சம்மதம் இல்லாமல் அந்தரங்கப் படத்தைப் பரப்புவது குற்றம். படம் உண்மையாக இருக்க வேண்டும் என்றும் இல்லை. செயலியில் செய்த போலிப் படமும் இந்தச் சட்டத்துக்குள் வரும். மூன்று ஆண்டுவரை சிறை உண்டு. வன்முறைக்கு ஆளான பெண்கள் எந்த நேரமும் இலவசமாகக் கூப்பிட 0800 428 428 என்ற அரசு உதவி எண் இருக்கிறது. பிள்ளைகளுக்கு 116. இந்த இரண்டு எண்களையும் ஒவ்வொரு கோயில் அறிவிப்புப் பலகையிலும் எழுதிப் போடுங்கள். அன்னதான நேரம் எழுதியிருக்கிற பலகையில் இதற்கும் இடம் இருக்கும்.

அந்தப் பெண் தமிழ் வகுப்பை விட்டுவிட்டாள்.

அடுத்த சனிக்கிழமை நான் ஆத்திசூடியில் விட்ட இடத்திலிருந்து தொடங்கினேன். 'தையல் சொல் கேளேல்' என்ற வரியைக் கரும்பலகையில் எழுதினேன். அந்தக் காலத்து வரி என்று சாக்குச் சொல்லவில்லை. இந்த வரியை நான் ஏற்கவில்லை, பாரதியும் ஏற்கவில்லை, அவர் தம் புதிய ஆத்திசூடியில் 'தையலை உயர்வு செய்' என்று மாற்றி எழுதினார் என்றேன். அப்புறம் அதற்கு அடுத்த வரியை எழுதினேன். தொன்மை மறவேல்.

நாம் மறந்த தொன்மை இது. 1860 நவம்பர் 16 அன்று மதராசிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பனில் வந்து நின்றதிலிருந்து பெண்களும் கரும்புத் தோட்டத்தில் வேலை செய்தார்கள். ஆணுக்கு மாதம் 10 ஷில்லிங், பெண்ணுக்கு அதில் பாதி. ஒப்பந்தம் முடிந்தும் இங்கேயே இருந்தால் ஆண்டுக்கு 3 பவுண்டு வரி. பிறகு 13 வயதுப் பெண் பிள்ளைக்கும் 16 வயதுப் பையனுக்கும்கூட அந்த வரி. 1913 மார்ச்சில் கேப் நீதிமன்றத்தின் நீதிபதி சேர்ல், கிறிஸ்தவ முறைப்படி நடக்காத திருமணம் சட்டப்படி செல்லாது என்றார். தாலி கட்டிய நம் பாட்டிமார் ஒரே தீர்ப்பில் மனைவி என்ற பெயரை இழந்தார்கள்.

அந்த ஆண்டு ஜோகன்னஸ்பர்க் பக்கத்துத் தமிழ்ப் பெண்கள், சிலர் கைக்குழந்தையோடு, எல்லை தாண்டி நேட்டாலுக்கு வந்து நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போனார்கள். சுரங்கத் தொழிலாளிகளிடம் பேசினார்கள். அந்த ஆண்கள் கேட்டார்கள். வேலையை நிறுத்தினார்கள். நேட்டால் முழுக்க அது பரவியது. பெண்களை மாரிட்ஸ்பர்க் சிறையில் அடைத்தார்கள். பின்னால் அதே சிறைக்குப் போன ஜோகன்னஸ்பர்க்குத் தமிழ்ப் பெண் வள்ளியம்மை, காய்ச்சலோடு வெளியே வந்து 1914 பிப்ரவரி 22 அன்று இறந்தார். வயது 16. அந்த ஆண்டே 3 பவுண்டு வரி ஒழிந்தது. நம் திருமணங்களுக்கும் சட்டத்தின் அங்கீகாரம் கிடைத்தது.

கதையை முடித்துவிட்டுப் பேரனைக் கேட்டேன்: "தையல் சொல்லைக் கேட்ட அந்தச் சுரங்கத் தொழிலாளிகளை நீ என்னவென்று கூப்பிடுவாய்? சிம்ப் என்றா?" அவன் பதில் சொல்லவில்லை. அன்று யாரும் சிரிக்கவில்லை.

பெரியவர்களே, அந்த ஆண்களின் வழிவந்தவர்கள் நீங்கள். அதனால்தான் உங்களிடம் வருகிறேன். பள்ளிக்கும் போலீசுக்கும் எழுத வேண்டியதை எழுதிவிட்டேன். ஆனால் ஒரு பையன் நல்ல ஆண் எப்படி இருப்பான் என்று பார்க்க நம் சமூகத்தில் கோயிலைவிட வேறு இடம் ஏது? மவுண்ட் எட்ஜ்கோம்பிலும் இசிப்பிங்கோவிலும் ஈஸ்டர் விடுமுறையில் அம்மனைப் பார்க்க வரும் கூட்டத்தில் பாதி இளசுகள். ஜிம் காணொளி சொல்வதைவிடக் கடினமான நோன்பை நம் பையன்கள் தாமாகவே இருக்கிறார்கள். உடம்பில் வேல் குத்திக் காவடி எடுக்கிறார்கள். நெருப்பில் நடக்கிறார்கள். அவர்களுக்கு உறுதி இல்லை என்று யார் சொல்ல முடியும்?

யாருக்காக நெருப்பில் நடக்கிறார்கள்? திரௌபதி அம்மனுக்காக. அந்தத் தாய்க்கு நடந்தது என்ன என்று அவர்களைக் கேட்டுப் பாருங்கள். நம் பாட்டன்மார் தோட்டத்து லைன்களில் விடிய விடிய ஆடிய தெருக்கூத்தில், இங்கே 'சிக்ஸ் ஃபுட் டான்ஸ்' என்று பெயர் மாறிப்போன அந்தக் கூத்தில், துகிலுரியும் கட்டத்தில் ஊரே அழும் என்று என் தாத்தா சொல்வார். நிறைந்த சபை. பீஷ்மர் இருந்தார், துரோணர் இருந்தார். தன்னையே தோற்றவன் என்னைப் பணயம் வைக்க முடியுமா என்று அவள் கேட்டதற்கு அவர்கள் பதில் சொல்லவில்லை. இதுவரை எல்லாருக்கும் தெரியும். ஆனால் அதே சபையில் கௌரவர்களில் ஒருவன், துரியோதனனின் தம்பி விகர்ணன், எழுந்து 'இது அநியாயம்' என்றான். சிறுபிள்ளை, உனக்கு என்ன தெரியும் என்று கர்ணன் அவனை அடக்கினான். என் வகுப்பில் பீமனைத் தெரியாத பிள்ளை இல்லை. விகர்ணனைத் தெரிந்த பிள்ளை ஒருவர்கூட இல்லை. நாம் சொல்லவில்லை, அதனால் தெரியவில்லை.

நான் கேட்பது இதுதான். அடுத்த தைப்பூசத்துக்குக் கொடி ஏறியதும் பத்து நாள் நோன்பு. பையன்கள் சாயங்காலம் மண்டபத்தில் உட்கார்ந்து செவ்வந்தி கோத்துக் காவடி கட்டுவார்கள். கை வேலையாக இருக்கும், காது சும்மா இருக்கும். அந்தப் பத்து சாயங்காலத்தையும் அவர்களுக்குக் கொடுங்கள். மேடையும் மைக்கும் வேண்டாம். உங்களில் ஒருவர் பூக்கூடை பக்கத்தில் போய் உட்கார்ந்து பேசினால் போதும். வேலை போய் மனைவியின் சம்பளத்தில் இரண்டு வருடம் வீடு நடத்தியவர் அதைச் சொல்லட்டும். தாய் செத்தபோது அழுதவர், அழுதேன் என்று சொல்லட்டும். முன்பு கை ஓங்கிக்கொண்டிருந்து, பிறகு நிறுத்தியவர் இருந்தால், எப்படி நிறுத்தினார் என்று சொல்லட்டும். அதைக் கேட்கத்தான் நிறையப் பையன்கள் காத்திருக்கிறார்கள். முதல் காதலில் தோற்றவர் பேசினால் இன்னும் நல்லது. என்னைப் போன்ற ஆயாக்கள் பேசினால் அது இன்னொரு வகுப்பு. கைப்பேசியில் அவர்களோடு பேசுவது ஆண்கள். எதிர்ப்பேச்சும் ஆணின் வாயிலிருந்து வர வேண்டும்.

பேசினால் மட்டும் போதாது, பையன்கள் கண்ணும் வைத்திருக்கிறார்கள். மனைவியை அடித்து, 1998 ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டப்படி நீதிமன்றம் பாதுகாப்பு ஆணை போட்ட ஆளுக்கு நாம் மாலை போட்டுத் தேருக்கு முன்னால் நிறுத்தினால், அவர்கள் கற்றுக்கொள்வது அதைத்தான். அப்படிப்பட்டவர் எவ்வளவு நன்கொடை கொடுத்தாலும் மரியாதை கொடுக்காதீர்கள். சமையலுக்கும் கோலத்துக்கும் கூப்பிடுகிற பெண்களைக் கணக்கு வழக்குப் பார்க்கிற மேசைக்கும் கூப்பிடுங்கள். ஒரு பெண் தீர்மானம் சொல்லி ஆண்கள் ஏற்பதை ஒரு பையன் கண்ணால் பார்த்தால், பத்து நாள் பேச்சைவிட அது நன்றாகப் பதியும். அந்தப் பெண் பிள்ளையின் வீட்டுக்குப் போய், அன்று குழு சொன்னது தவறு என்று சொல்ல வேண்டியவர்கள் யார் என்பது அவர்களுக்குத் தெரியும். நான் போய்ச் சொல்லிவிட்டேன். பேரனும் என்னோடு வந்தான். அவள் அவனோடு பேசவில்லை, அது அவள் உரிமை.

இன்னொரு பையனைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. 19 பேர் இருந்த அந்தக் குழுவிலிருந்து ஒருவன் மட்டும், இருப்பவர்களிலேயே சின்னவன், 13 வயது, கைப்பேசியை என்னிடம் கொண்டுவந்து நீட்டி, "டீச்சர், இது சரியில்லை" என்றான். அவன் சொன்னதால்தான் எங்களுக்கெல்லாம் தெரிந்தது. அதற்குப் பிறகு பையன்கள் அவனைச் சேர்த்துக்கொள்வதில்லை. கோயில் பக்கம் வருவதை நிறுத்திவிட்டான். போன தைப்பூசத்துக்கு அவன் முதல் காவடி எடுப்பதாக இருந்தது. எடுக்கவில்லை, அவன் அம்மா மட்டும் வந்து அர்ச்சனை செய்துவிட்டுப் போனார்.

அவன் வீடு எனக்குத் தெரியும். உங்களில் ஒருவர் என்னோடு வாருங்கள். போய் அவனை இந்த முறை காவடிக்குக் கூப்பிடுவோம்.

அன்புடன்,
சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு ஆசிரியை,
சாட்ஸ்வர்த்